கனகலட்சுமிக்கு ஒரு பரீட்சை

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் ஊருக்குப் போய்விட்டு இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுப்பவர்களுக்கு முதலில் கோர்ட்டு வாசலில் நடந்த கூத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் கனகலட்சுமிக்கு அறுபது தாண்டிவிட்டது. விரல் வேகம் மட்டும் குறையவே இல்லை. டைப்ரைட்டர் காலத்திலிருந்து கம்ப்யூட்டர் காலம் வரை வக்கீல் அழகியமணவாளனின் மனுக்களை அவள்தான் அடித்துக் கொடுக்கிறாள். அவள் அடித்த தாளை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கமே அவருக்குக் கிடையாது. அந்த நம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது. ஒரு ஜீவனாம்ச மனுவில், மனைவியைத் தவிக்க விட்டுப் போன கணவனின் பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் வக்கீலின் பெயரே வரிசையாக விழுந்திருந்தது. மனுவை வாங்கிய குமாஸ்தா அதைச் சத்தமாக வாசிக்க, அழகியமணவாளன் பெண்டாட்டியை அடித்துத் துரத்திய செய்தி சாயங்காலத்துக்குள் தேரடி வரை போய்விட்டது. வீட்டுக்குப் போனால் அவர் மனைவி வைஜயந்தி வாசலிலேயே நிறுத்தி, "எந்த மாசத்துலேந்து தரதா உத்தேசம்?" என்று கேட்டாளாம்.

மறுநாள் வக்கீல் கடை வாசலில் வந்து நின்று போட்ட சத்தத்தைக் கேட்டு ஊரே சிரித்தது. கனகலட்சுமியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காதவள் அவள் மருமகள் வெங்கடேஸ்வரி ஒருத்திதான்.

வெங்கடேஸ்வரி ராஜபாளையத்தில் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். இப்போது மனநலப் பிரிவில் பயிற்சி. பாடத்தில் ஞாபகமறதி நோய்கள் என்ற பகுதியைப் படிக்கப் படிக்க, ஒவ்வொரு வரியிலும் மாமியாரே வந்து நின்றாள். ஒரே குழம்புக்கு இரண்டு தடவை உப்பு. குளிர்பெட்டிக்குள் மூக்குக் கண்ணாடி. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது. மனசு தாங்காமல் ஒரு நாள் புருஷன் முத்துப்பாண்டியிடம், "அத்தைக்கு டிமென்ஷியாவா இருக்கும்னு தோணுது" என்று சொல்லிவிட்டாள்.

மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் முத்துப்பாண்டி அதை அக்காவிடம் சொன்னான். அந்த ஒரு வார்த்தை கோவில்பட்டி வரை போய், இந்த வெள்ளிக்கிழமை காலையில் பஸ் பிடித்துத் திரும்பி வந்தது. கூடவே பாண்டீஸ்வரியும் வந்தாள்.

பாண்டீஸ்வரி கனகலட்சுமியின் மூத்த மகள். அவள் வீட்டுக்குள் கால் வைத்தபோது பால் கருகிய நாற்றம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. கனகலட்சுமி நாற்காலியில் சாய்ந்து அரைக்கண் மூடியிருந்தாள். பின்பக்கம் தலை பின்னிக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"எம்மா! பாலை அடுப்புல வச்சது யாரு?"

"நான்தான் வச்சேன்" என்றாள் கனகலட்சுமி, கண்ணைத் திறந்து. "வச்சது நல்லா ஞாபகம் இருக்கு. எறக்கணும்ங்கிறதுதான் மறந்து போச்சு. வா பாண்டி, எப்ப வந்த?"

"சிரிக்காதம்மா. வீடு பத்திக்கிட்டு எரிஞ்சிருந்தா?"

"எரிஞ்சிருந்தா நஷ்ட ஈட்டு மனுவ நானே அடிச்சிருப்பேன்."

"அதுலயும் வக்கீலு பேரத்தான் போட்டிருப்ப!"

கனகலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. தோளில் தொங்கிய பெரிய பையைத் தரையில் போட்டாள். பை காலியாக இருந்தது.

"ஒன் சேலையெல்லாம் எடுத்து வை. இன்னைக்கே என்கூட வார. கடையும் வேண்டாம், கண்ணியும் வேண்டாம். இனிமே நீ அங்கதான் இருக்க."

"என்னட்டி திடீர்னு?"

பாண்டீஸ்வரி பதில் சொல்லாமல் தம்பி பெண்டாட்டியின் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்குப் பொறவும் ஒன்னைய காலேஜுக்கு அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நின்னது எங்கம்மா. அதுக்கு நல்லா செஞ்சுட்ட. அவுகளுக்கே ஒரு வியாதிப் பேரு வச்சு ஊருக்குச் சொல்லிட்டியே!"

"மதினி, நான் ஊருக்குச் சொல்லல..."

"எந்த வியாதி?" என்றாள் கனகலட்சுமி.

சுவரில் பல்லி ஒன்று அவசரமாக ஓடி மின்விளக்குக்குப் பின்னால் மறைந்தது.

"ஓகோ!" கனகலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் விசாரிச்சு, தீர்ப்பும் எழுதியாச்சு. எனக்குத்தான் நோட்டீஸே வரல. ஏட்டி வெங்கடேசு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எனக்கு என்ன நோய்னு நெனச்ச?"

வெங்கடேஸ்வரிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"டிமென்ஷியான்னு நெனச்சேன் அத்தே. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுட்டே போற நோய்."

"எத வச்சு நெனச்ச?"

"புஸ்தகத்துல போட்டிருக்க அறிகுறியெல்லாம் ஒங்ககிட்ட இருந்த மாதிரி..."

"எனக்குப் பரீட்சை வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"பரீட்சை வைக்காமலே ஃபெயிலாக்கிட்டியா? இது எந்தக் காலேஜுல நடக்கும்? வை இப்ப. பாண்டி, நீதான் சாட்சி. உக்காரு."

வேறு வழியில்லை. வெங்கடேஸ்வரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தாள். மனநிலைப் பரிசோதனை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்ததைத் தோழிகள்மேல் எத்தனையோ தடவை செய்து பழகியிருக்கிறாள். சொந்த மாமியாரிடம் கேட்பதற்கு முன்னால் கேள்வி வரிசையை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை அத்தே?"

"வெள்ளி. கோயில்ல கூட்டம் தள்ளும்."

"தேதி?"

கனகலட்சுமியின் கண் சுவர்க் காலண்டரை நோக்கிப் போனது.

"காலண்டர் பாக்கக் கூடாது."

"ஏட்டி, சாட்சி சொல்லுதவனுக்கே கட்டுக்கட்டாத் தாளக் காட்டுதாக, எனக்கு ஒரு காலண்டர் கெடையாதா?" என்றாள். பிறகு சொன்ன தேதி இரண்டு நாள் பிந்தியிருந்தது.

"நான் மூணு வார்த்தை சொல்லுதேன். திருப்பிச் சொல்லுங்க. செத்த நேரம் கழிச்சு மறுபடியும் கேப்பேன். தேங்காய், குடை, ரயில்."

"தேங்காய், குடை, ரயில். இதென்ன, ஊருக்குப் போறவுக மூட்டையா?"

"நூறுலருந்து ஏழக் கழிச்சுக்கிட்டே வாங்க."

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தி ஆறு. எழுபத்தி..." கனகலட்சுமி நின்றாள். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். காலையிலிருந்து அது எத்தனையாவது சொம்போ. "நாக்கு ஒட்டிக்கிடுது... எதுலருந்து கழிச்சேன்?"

"பரவால்ல அத்தே. அந்த மூணு வார்த்தை?"

"தேங்காய்." கனகலட்சுமி புருவத்தைச் சுருக்கினாள். "தேங்காய்... பொறவு..."

வெகு நேரம் யோசித்தாள். பாண்டீஸ்வரி தன்னையறியாமல் உதட்டை அசைத்து 'குடை' என்றாள்.

"சாட்சி சைகை காட்டக் கூடாது" என்றாள் கனகலட்சுமி. "மிச்சம் ரெண்டும் வாய்தா வாங்கிருச்சு, விடு." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முந்தானையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.

காலிப் பையோடு வந்த பாண்டீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோய் என்று தொலைபேசியில் கேட்டபோது வந்தது கோபம்தான். கண்ணால் பார்க்கிறபோது வேறு என்னவோ செய்தது.

வெங்கடேஸ்வரி மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகள் கனத்துக் கிடந்தன. உதடு காய்ந்து வெடித்திருந்தது. திடீரென்று நேற்றுச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. இதே அத்தை, எப்போதோ நடந்த பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் விவரத்தையெல்லாம், யார் வாதி, யார் பிரதிவாதி, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு குமாஸ்தாவுக்கு ஃபோனில் மடமடவென்று ஒப்பித்தாளே! போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். காலையில் மந்தம், பொழுது சாயச் சாயத் தெளிவு. இந்த நோய் காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகுமா?

"அத்தே, நீங்க என்ன மாத்திரை சாப்பிடுதீக?"

"மாத்திரையா? எனக்குப் பிரஷரு இல்ல, சுகரு இல்ல. என்னத்துக்கு மாத்திரை?"

"எப்பப் பாத்தாலும் தும்முவீகளே, அதுக்கு ஏதாவது?"

"அதெல்லாம் ஒரு மாத்திரையா? மெடிக்கல்ல கேட்டா குடுக்குறதுதான." கைப்பையைத் துழாவி இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினாள். "இது தும்மலுக்கு. இது அரிப்புக்கு. கேஸ் கட்டுத் தூசி ஒடம்புக்கு ஆகல. ராத்திரி ரெண்டும் போடுவேன், காலைல எந்திச்சதும் ரெண்டும் போடுவேன். நல்லா தூக்கம் வருது."

"எம்புட்டு நாளா?"

"மாமா போனதுலருந்துதான்."

அந்தக் கடைசிப் பதிலை வெங்கடேஸ்வரி சரியாகக் காதில் வாங்கவில்லை. அட்டைகளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த பெயர்களைப் பார்த்ததுமே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அத்தே! இது ரெண்டுமே தூக்கத்தக் குடுக்குற மாத்திரை. வாய் வறளும், கண்ணு மங்கும், வயசான ஒடம்புல புத்தியவே மந்தமாக்கிரும். ரெண்டையும் சேத்து, அதுவும் காலைலயும் போட்டா, பால் பொங்குறது எப்படித் தெரியும்?"

"அப்ப எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லியா?" பாண்டீஸ்வரியின் குரல் இரண்டு படி ஏறியது. "தூக்கி எறி அத மொதல்ல!"

"ஒண்ணும் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் மதினி. ஒருதடவ அவசரப்பட்டுப் பேரு வச்சுட்டேன். இனி டாக்டர்தான் சொல்லணும். இன்னைக்கு எனக்கு அங்கதான் பயிற்சி, அத்தையவும் கூட்டிட்டுப் போயிரலாம்."

"எந்த டாக்டர்?"

"மனநல டாக்டர்."

"ஐயய்யோ!" பாண்டீஸ்வரி எழுந்தாள். "பைத்தியக்கார டாக்டர்கிட்ட எங்கம்மா போனாகன்னு வெளிய தெரிஞ்சா எம்மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ள எப்படிக் கெடைக்கும்?"

"ஒம்மகளுக்கு இப்ப ஏழு வயசுட்டி" என்றாள் கனகலட்சுமி. "கல்யாண வயசு வாரதுக்குள்ள நான் கொணமாயிருவேன். அந்தப் பைய இங்கனயே வச்சுட்டு நீயும் கெளம்பு."

ராஜபாளையம் பஸ்ஸில் நல்ல கூட்டம். கனகலட்சுமிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் வெங்கடேஸ்வரி. பாண்டீஸ்வரி பின்சீட்டில், தெரிந்தவர் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் பூக்கூடையோடு வேலுத்தாய் ஏறினாள். கோர்ட்டு வாசலில் பூ விற்பவள். ஊர் வாயெல்லாம் சேர்ந்தாலும் அவள் ஒருத்தி வாய்க்கு ஈடாகாது.

"என்ன கனகா, கடைய விட்டுட்டு எங்க பயணம்? மருமக யூனிபார்முல இருக்கா?"

பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மூளைய செக் பண்ணப் போறேன்" என்றாள் கனகலட்சுமி, பஸ்ஸுக்கே கேட்கும்படி. "வரவர ஒண்ணும் நெலைக்க மாட்டேங்குது."

வேலுத்தாய் கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு குனிந்தாள். "எனக்குந்தான். நேத்து ஒருத்திகிட்ட மல்லிப்பூவ அளந்து குடுத்துட்டு காசு வாங்க மறந்துட்டேன். டாக்டர் என்ன சொல்லுதாகன்னு வந்து எனக்கும் சொல்லு, என்ன?"

பின்சீட்டில் சேலைத் தலைப்பு மெதுவாக இறங்கியது.

பஸ் ஊரைத் தாண்டியது. மேற்கே மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டிருந்தது. காற்று முகத்தில் அடிக்க, கனகலட்சுமி மருமகளின் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"வெங்கடேசு, எனக்கு ஒரே ஒரு வருத்தந்தான். அந்தப் பேர எம்மவன்கிட்ட சொன்ன. அவன் அவன் அக்காகிட்ட சொன்னான். நோயி என்னோடதுல்லா? மொதல்ல என்கிட்டல்ல சொல்லியிருக்கணும்?"

நோயாளியின் விஷயத்தை நோயாளியைக் கேட்காமல் யாரிடமும் பேசக் கூடாது என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் வெங்கடேஸ்வரி.

"பயமா இருந்துச்சு அத்தே."

"யாருக்கு? எனக்கா, ஒனக்கா?"

"எனக்குத்தான்."

"எனக்கும் பயம்தான்." கனகலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வக்கீலு சத்தம் போட்டாகள்ல, அன்னைக்கு எல்லாரோடயும் சேந்து சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல கொழாயத் தெறந்து விட்டுட்டு அழுதேன். அம்புட்டு வருசமா அந்த விரலுக்கு ஒரு மரியாத இருந்துச்சு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தனித்தனியாப் பயந்துட்டு இருந்திருக்கோம் பாரு."

வெங்கடேஸ்வரி மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டிக்கெட் கேட்டு நடத்துநர் வந்து நிற்கும்வரை அதை விடவில்லை.

டாக்டரின் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் கனகலட்சுமிக்குப் பாதி பயம் போய்விட்டது. வஞ்சுளவல்லி என்று எழுதியிருந்தது.

"பெருமாள் கோயில் தாயாரு பேரால்ல இருக்கு! எங்கூர்ப் பக்கமா?"

"எங்கம்மாவுக்கு உங்க ஊர்தான்" என்றார் டாக்டர். நாற்பது வயதிருக்கும். காதோரம் நரையை மறைக்க அவர் எதுவும் செய்திருக்கவில்லை. "உக்காருங்கம்மா. வெங்கடேஸ்வரி, நீ இன்னைக்கு நர்ஸ் இல்ல, மருமக. அங்க உக்காரு."

மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்தார். தலையாட்டினார். ரத்த அழுத்தம் பார்த்தார். கனகலட்சுமி தன் பரீட்சைக் கதையை, தேங்காய் முதல் வாய்தா வரை, விவரமாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவே இல்லை.

"தூக்கம் எப்படிம்மா?"

"அதுக்கென்ன, மாத்திரை போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி வரும்."

"போடாட்டி?"

"வராது."

"எப்போதிருந்து வரல?"

கனகலட்சுமி மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து உருட்டினாள். "அவுக போனதுலருந்து."

வெங்கடேஸ்வரி சட்டென்று நிமிர்ந்தாள். காலையில் அவள் நழுவவிட்ட பதில் அது.

"படுத்தா என்ன செய்யுது?" என்றார் டாக்டர் மெதுவாக.

"ஒண்ணுமே செய்யாது. அதுதான் கஷ்டம்." கனகலட்சுமி சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு கொறட்டை விட்டா தெருவே எந்திச்சு உக்காரும். கல்யாணமான நாள்லருந்து அவுகள வைஞ்சுக்கிட்டேதான் தூங்கியிருக்கேன். ஒருக்களிச்சுப் படுங்கன்னு முதுகுல ரெண்டு போடு போடுவேன். மறுபடியும் ஆரம்பிச்சிரும், லாரி மேடேறுத மாதிரி. இப்ப வீடு சத்தமில்லாமக் கெடக்கு டாக்டர். அந்த அமைதில எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

லாரி என்றதும் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டீஸ்வரியும் சிரித்தாள், அப்பாவின் குறட்டை அவளுக்கும் தெரியும். கனகலட்சுமியும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. பேப்பர் வெயிட்டைக் கையில் பிடித்தபடியே அழுதாள், சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக.

அப்பா இறந்த அன்றுகூட அம்மா அழுது பாண்டீஸ்வரி பார்த்ததில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே திரிந்தவள் அம்மா. எவ்வளவு தைரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாண்டீஸ்வரியும்தான் சொன்னாள். இப்போது அவள் நாற்காலியை நெருக்கிப் போட்டு அம்மாவின் முதுகில் கை வைத்தாள்.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அழுகை அடங்கித் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"மறதி வர்றதுக்கு ஒரே ஒரு காரணம் கிடையாதும்மா. சில பேருக்கு மூளையிலேயே நோய் இருக்கும். சில பேருக்கு மாத்திரை பண்ற வேலை. சில பேருக்கு மனசுல பாரம், தூக்கமில்லாம கவனமே நிக்காது. கவனிக்காத விஷயம் எப்படி ஞாபகத்துல தங்கும்? வெளியில பாத்தா மூணும் ஒரே மாதிரிதான் தெரியும். வைட்டமின் குறைஞ்சாலும், தைராய்டு குறைஞ்சாலும்கூட இதே கதைதான்."

"எனக்கு எது?"

"மாத்திரையும் மனசும் சேந்து பண்ற வேலைன்னுதான் இப்போதைக்கு எனக்குத் தோணுது. ஆனா ரத்தப் பரிசோதனை பாக்காம எதையும் எழுத மாட்டேன். காலை மாத்திரையை இன்னைக்கே விட்டுடலாம். ராத்திரி மாத்திரையைக் குறைச்சுக் குறைச்சு நிறுத்துவோம். தும்மலுக்குத் தூக்கம் வராத மாத்திரை தர்றேன். வாரம் ஒருதடவை வந்து பேசுங்க. கொஞ்ச நாள் கழிச்சு இதே பரீட்சையை நானே வைக்கிறேன்." பிறகு வெங்கடேஸ்வரியைப் பார்த்தார். "மாத்திரையைக் கண்டுபிடிச்சே, நல்லது. அதை ஏன் போட்டாங்கன்னு கேக்கலியே?"

"கேட்டேன் டாக்டர். பதில்தான் காதுல விழல." வெங்கடேஸ்வரியின் முகம் சிவந்துவிட்டது.

"அடுத்த தடவை விழும்" என்றார் டாக்டர்.

கனகலட்சுமி எழுந்திருக்கவில்லை. கேட்க வந்த கேள்வி இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

"டாக்டர், நான் கடைக்குப் போகலாமா, கூடாதா?"

"கண்டிப்பாப் போகணும். நாலு பேரைப் பாக்காம வீட்டுலயே இருந்தா இன்னும் மோசமாகும். ஆனா உங்களுக்கு முழுசாத் தெளியற வரைக்கும், நீங்க அடிக்கிறதை இன்னொருத்தர் கூட இருந்து சரிபாக்கட்டும். அடுப்புப் பக்கம் வேற யாராவது நிக்கட்டும்."

கனகலட்சுமியின் முகம் மலர்ந்தது. பாண்டீஸ்வரியின் முகம் மட்டும் ஏனோ வாடியது. யாரும் கவனிக்கவில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு அவர்கள் ஊர் திரும்பும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வெங்கடேஸ்வரி பயிற்சிக்காக ராஜபாளையத்திலேயே இருந்துகொண்டாள். அம்மாவும் மகளும் பஸ்ஸை விட்டிறங்கி நேரே கடைக்குப் போனார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் அழகியமணவாளன் நின்றுகொண்டிருந்தார், கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதத்தோடு.

கனகலட்சுமி தயங்கி நின்றாள். அன்றைக்கு அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"சார், ஒங்களத் தலைகுனிய வச்சுட்டேன். மாத்திரை தின்னு புத்தி மந்தமாக் கெடந்திருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சது. டாக்டரப் பாத்துட்டு வாரேன். மன்னிச்சிருங்க."

வக்கீல் ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்தார். கோபமாக ஏதோ சொல்லத்தான் வந்திருந்தார் போலிருக்கிறது, சொல்லவில்லை.

"நானும் வாசிக்காமக் கையெழுத்துப் போட்டேனே, அதுக்கு எந்த மாத்திரையைச் சொல்றது?" என்றார். "அந்த மனுவைத் திரும்ப அடிக்கணும் கனகம்மா. வெளியில ஒரு இடத்துல குடுத்துப் பாத்தேன். அவன் அடிச்சதைத் திருத்தறதுக்குள்ள எனக்கே தலை சுத்தறது. அந்தப் பொண்ணு பாவம், காத்துண்டிருக்கா. உங்களால முடியுமா?"

கனகலட்சுமி கடையைத் திறந்து மின்விசிறியைப் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டின்மேல் விரல்களை வைத்தாள். உடனே தட்டவில்லை. காலையில் போட்ட மாத்திரையின் கனம் இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை. மனசு மட்டும் லேசாக இருந்தது.

"பாண்டி, அந்தத் தாள எடுத்து வரிவரியா வாசி. நான் அடிக்க அடிக்க ஸ்கிரீனையும் பாத்துக்கிட்டே வா. தப்பு வந்தா தலைல ஒரு குட்டு வை."

"நானா?"

"பின்ன, டாக்டர் சொன்னத நீதான கேட்ட?"

பாண்டீஸ்வரி தயக்கத்தோடு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வாசிக்க ஆரம்பித்தாள். முதல் பத்தியில் குரல் தடுமாறியது. இரண்டாவது பத்தியில் கனகலட்சுமியின் விரல்கள் வேகமெடுத்தன. "ஜீவனாம்சத்துக்கு ரெண்டு சுழி னாதாம்மா" என்று ஒரு இடத்தில் மகள் குட்டு வைக்கக் கையை ஓங்க, "ஒங்கப்பா சாயல் ஒனக்கு அப்படியே இருக்கு, ஒண்ணுமில்லாததுக்குக் கையத் தூக்கிருவ. அது சரியாத்தான் அடிச்சிருக்கு, கண்ணாடியப் போட்டுப் பாரு" என்றாள் அம்மா. பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. வக்கீல் வாசலில் நின்று பாக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தார். பாண்டீஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள்.

கணவனின் பெயர் வரும் இடம் வந்தது. கனகலட்சுமி நிறுத்தி, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி அடித்தாள். வக்கீலே உள்ளே வந்து குனிந்து பார்த்து, "சபாஷ், நான் தப்பிச்சேன்" என்றார்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஆள் படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் அளவுநாடா. யாரையும் கேட்காமல் கதவு நிலையிலிருந்து பின்சுவர் வரை நாடாவை இழுத்துப் பிடித்தார்.

"யாரு நீங்க?" என்றாள் கனகலட்சுமி.

"நான் மாரிச்சாமி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன்." அவர் பாண்டீஸ்வரியைப் பார்த்துச் சிநேகமாகத் தலையசைத்தார். "அக்கா ஃபோன்ல பேசுனாகள்ல. திங்கக்கெழமை கடையக் காலி பண்ணித் தாரோம்னு சொன்னாக. கட்டடக்காரர்ட்டயும் பேசியாச்சு. அதான் மிசின எங்க வைக்கலாம்னு அளந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கீபோர்டில் விரல்கள் நின்றன.

அழகியமணவாளன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பாண்டீஸ்வரி கையிலிருந்த தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கனகலட்சுமி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பாண்டீஸ்வரி தாங்கியிருப்பாள். காலையில் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் என்று சிரித்தபடி சொன்ன அதே அம்மா இப்போது சிரிக்கவில்லை.

"தாராளமா அளந்துக்கங்க" என்றாள் மாரிச்சாமியிடம், மரியாதை குறையாமல். "ஆனா சாவி எங்கிட்ட இருக்கு. மறக்கல."

பிறகு ஸ்கிரீன் பக்கம் திரும்பி, விரல்களை மறுபடியும் கீபோர்டில் வைத்தாள்.

"அடுத்த வரிய வாசி பாண்டி."

பாண்டீஸ்வரி தாளைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. எந்த வரியில் விட்டோம் என்பதுதான் மறந்து போயிருந்தது.